கதவு திறக்கலைங்க

போன குளிர்காலத்தில், விடிவதற்கு முன்னால் சாபித்தின் கைப்பேசி அடித்தால் அது மனைவி அக்மரால்தான். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பதும் எடுக்காமலே தெரியும்.

"கதவு திறக்கலைங்க."

அவன் மேற்கே எண்ணெய்க் கிணற்றில் இருப்பான். ஒரு மாதம் அங்கே வேலை, ஒரு மாதம் வீடு. அவள் வடக்கே, பெத்ரோபாவ்ல் நகரில், ஐந்து மாடிக் குடியிருப்பின் முற்றத்தில், பழைய ஜெர்மன் கார் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். நடுவில் இரண்டு நாள் ரயில் பயணம். அத்தனை தூரத்திலிருந்து அவன் அந்தக் கதவைத் திறப்பான். சாவியை லைட்டரில் காட்டு; விரல் பொறுக்கிற சூடு போதும். உள்ளே விட்டதும் முறுக்காதே, பிடித்துக்கொண்டு நில். வாயால் ஊதாதே, மூச்சில் இருக்கிற ஈரம் உள்ளே போய் உறைந்துவிடும். பூட்டு திரும்பிவிட்டதா? சரி, இனி இழுக்காதே, கதவின் ஓரத்தைச் சுற்றி உள்ளங்கையால் தட்டு, ரப்பரில் ஒட்டின பனி உடையட்டும். கடைசியில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அவள் பெருமூச்சு விடுவாள். அதைக் கேட்ட பிறகுதான் சாபித் தன் தேநீர்க் கிண்ணத்தைக் கையில் எடுப்பான்.

குளிரின் கடைசி நாட்களில் ஒருமுறை அவள் கூப்பிட்டபோது சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தான். கையில் தடித்த கையுறை. கைப்பேசியை மேஜையில் போட்டு ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டான். மேஜை முழுவதும் ஆட்கள். அந்த நேரத்துத் தெம்பில், "ஒரு கதவைத் திறக்க முடியாதவளுக்குக் கார் எதுக்கு? பேசாம பஸ்ல போ" என்றான். மேஜையே சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு வழக்கம் போல எல்லாம் சொல்லித்தந்தான், கதவும் திறந்தது. அடுத்த வாரமே பனி உருகிவிட்டது. அவன் அதை மறந்தும் போனான்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு அழைப்புகூட வரவில்லை.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு உறுத்தியது. பெத்ரோபாவ்லில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு என்று கைப்பேசி காட்டிய காலையிலும் அது அடிக்கவில்லை. அந்தக் குளிரில் அந்தப் பூட்டு உறையாமல் இருக்காது. அந்தப் பூட்டை அவனுக்குத் தெரியும். தானே கூப்பிட்டுக் கேட்டான்.

"கதவு என்னாச்சு?"

"திறந்தாச்சு."

"எப்படி?"

"திறந்தாச்சுங்க. நேரமாச்சு, வெக்கறேன்."

அவள் வைப்பதற்குள் பின்னால் ஒரு ஆண் சிரிக்கும் சத்தம் கேட்டது. காலையிலேயே வயிறாரச் சாப்பிட்டவன் சிரிக்கிற மாதிரியான தடித்த சிரிப்பு. அன்று சாபித் குடித்த தேநீர் வெந்நீராக இருந்தது. ஊர் திரும்புகிறவரை, ரயிலின் மேல் படுக்கையில் புரண்டபோதும், அந்தச் சிரிப்பு காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

சிரிப்புக்குச் சொந்தக்காரனைக் கண்டுபிடிக்க அவன் அலையவேண்டி இருக்கவில்லை. அவன் ஊர் வந்து சேர்ந்த மறுநாள் சாயங்காலம் அந்த ஆளே வீடு தேடி வந்தான், மனைவி பிபிகுல்லோடு, ஒரு நீளக் குதிரை இறைச்சி சாஸேஜையும் தூக்கிக்கொண்டு. மூன்றாம் மாடி ஒராஸ். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். வாசற்படியில் தோள் இடிக்காமல் நுழையத் தெரியாத உடம்பு.

பன்னிரண்டு வருடங்களுக்கு மிருகங்களின் பெயர் வைத்து எண்ணுவது அந்த ஊர் வழக்கம். ஒராஸும் அக்மராலும் ஒரே ஆட்டு வருடத்தில் பிறந்த சம வயதுக்காரர்கள், அதனால் குர்தாஸ். குர்தாஸ் என்றால் எதை வேண்டுமானாலும் சொல்லிக் கேலி பேசிக்கொள்ளலாம். ஆணும் பெண்ணுமாக இருந்தால் இன்னும் தாராளம். பக்கத்தில் இருக்கிற புருஷன் முகத்தைச் சுளித்தால் அவன்தான் நாகரிகம் தெரியாதவன். சாபித் அவர்களுக்கு இரண்டு வருடம் முந்திப் பிறந்த பாம்பு வருடத்துக்காரன். அவனுக்கு ஒராஸ் தந்தது 'அண்ணே' என்ற மரியாதை மட்டும்தான். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு பதிலுக்கு ஒரு வார்த்தை பேச முடியாது.

"அண்ணே, நீங்க கிணத்துலயே இன்னொரு மாசம் இருந்துட்டு வந்திருக்கலாம்ல. உங்க ஆட்டை நான் பத்திரமா மேய்ச்சுக்கிட்டிருந்தேன்" என்றான் ஒராஸ்.

"ஒரு சாவியை ஒழுங்காப் பிடிக்கத் தெரியல, ஆடு மேய்க்கிறாராம்" என்றாள் அக்மரால்.

பிபிகுல் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சாபித்தும் பல்லைக் காட்டினான். ஆனால் அவன் கண் தேநீர் ஊற்றும் கையில் இருந்தது. ஒராஸின் கிண்ணத்தில் அவள் அரைக்கும் குறைவாக ஊற்றினாள். இருங்கள், இன்னும் நிறைய தடவை ஊற்றுகிறேன் என்று அந்த ஊரில் அதற்கு அர்த்தம். சாபித்தின் கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருந்தது. குடித்துவிட்டு எழுந்து போகச் சொல்கிற விருந்தாளிக்குத்தான் அப்படி ஊற்றுவார்கள். பேச்சு சுவாரசியத்தில் கை தவறியிருக்கலாம். ஆனால் ஒராஸ் கிண்ணத்தில் மட்டும் அந்தக் கை ஏன் தவறவில்லை என்று அவன் யோசித்தான். பிறந்த வருடத்துக்காக ஒருவன் மேல் பொறாமைப்பட முடியும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது.

மறுநாள் தரைத்தள வீட்டு லியூதா, பூனைகளுக்கு மீன்தலை போட்டுக்கொண்டே மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். தெரு முழுவதுக்கும் அவள் அக்கா. அவள் ஜன்னலுக்குத் தெரியாமல் அந்த முற்றத்தில் ஒன்றும் நடக்காது. காலையில் நீ பார்க்கவேண்டும் தம்பி, அந்த வாத்தியார்தான் பேட்டரியைக் கொண்டுவந்து வைக்கிறான், அப்புறம் இரண்டு பேரும் ஒரு பூட்டில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால் கல்யாண ஃபோட்டோ மாதிரி இருக்கும் என்று அவள் ஆரம்பித்தாள்.

"அவ லைட்டரைப் பிடிச்சிருப்பா. காத்துல அணையாம இருக்க அவன் ரெண்டு கையாலயும் அவ கையைப் பொத்திக்குவான். இந்தக் காலத்துல யாரு அப்படி உதவுறா?"

உதவி என்ற சொல்லை அவள் சொன்ன விதம் சாபித்துக்குப் பிடிக்கவில்லை. பேட்டரி அவனுக்குப் புதிய செய்தி. குளிர்காலத்தில் கார் பேட்டரி, வெளியே கிடந்து செத்துவிடாமல் இருக்க, இரவெல்லாம் நான்காம் மாடியில் அவர்கள் சமையலறையில், வெந்நீர்க் குழாய் ஓரம், வீட்டு ஆள் மாதிரி படுத்திருக்கும். காலையில் கீழே போகும். அந்தக் கனத்தை அவள் எப்படித் தூக்குகிறாள் என்று அவன் இதுவரை கேட்டதே இல்லை. இப்போது தெரிந்தது. தன் சமையலறை வரைக்கும் அந்தத் தோள் வந்து போகிறது.

நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் குர்தாஸைச் சந்தேகப்பட்டவன் என்று ஊர் சிரிக்கும். கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான். கதவு திறக்காவிட்டால் அவள் முதலில் யாரைக் கூப்பிடுகிறாள்? தன்னையா, அவனையா? அதைப் பார்த்துவிட்டால் போதும். தன்னைக் கூப்பிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு மாடிப்படியில் ஓடியே இறங்குவான். இல்லை என்றால், இல்லைதான்.

அன்று சாயங்காலம் குப்பை கொட்ட இறங்கியவன் கோட்டுக்குள் ஒரு தண்ணீர்ச் சாடியையும் மறைத்துக்கொண்டு போனான். ஓட்டுநர் பக்கப் பூட்டில் ஊற்றினான். கதவிடுக்கில் ஊற்றினான். மற்றக் கதவுகளிலும் ஊற்றினான். பின்பக்கம் வழியாக ஊர்ந்து உள்ளே போய்விடுவாளோ என்று சாமான் பெட்டியின் மூடியையும் விடவில்லை. அந்தக் குளிரில் தண்ணீர் வழியக்கூட நேரமில்லை. வழியத் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து, முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லிப் படுத்தான்.

காலையில் பேட்டரியை எப்படிக் கொண்டுபோவாய் என்று முனகிக் கேட்டான்.

"ஒராஸ் இருக்கானே" என்றாள் அவள், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து அவன் முதுகை மூடிவிட்டாள்.

ஒராஸ் வந்தான். அண்ணே முதுகு எப்படி என்று படுக்கையறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, பேட்டரியை ஒற்றைக் கையில் ரொட்டிப் பை மாதிரி எடுத்துக்கொண்டு இறங்கினான். இருவரின் பேச்சும் படிக்கட்டில் சிரித்துக்கொண்டே கீழே போனது.

சாபித் துள்ளி எழுந்து சமையலறைக்கு ஓடினான். பழைய மரச் சட்ட ஜன்னல், கண்ணாடி முழுக்க வெள்ளையாக உறைபனி. உள்ளங்கையை வைத்து அழுத்தி, கரண்டியால் சுரண்டி, ஒரு கண் அளவுக்கு ஓட்டை போட்டான். கைப்பேசியை ஜன்னல் திட்டில் வைத்துக்கொண்டான். அது அடிக்கவேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

கீழே கம்பத்து விளக்கின் வெளிச்சம் இருந்தது. அக்மரால் காரின் பக்கத்தில் நின்று, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். பூட்டுக்குள் பீச்சச் சாராயம் நிரப்பிய ஊசிக்குழல். லைட்டர். துணி சுற்றிய வெந்நீர் ரப்பர்ப் பை. அதைப் பூட்டின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குளிருக்குக் கால் மாற்றி மாற்றி நின்றாள். அவன் சொல்லித்தந்த வரிசை, கூடவே அவளாகக் கண்டுபிடித்துச் சேர்த்தவை. ஆனால் யாரும் சொல்லித் தரவில்லை இப்போது. கைப்பேசி அடிக்கவில்லை.

கதவும் திறக்கவில்லை. அவள் பிள்ளைகள் பள்ளியில் சமையல்காரி. அவள் போய் அடுப்பு மூட்டினால்தான் பிள்ளைகளுக்கு ரவைக்கஞ்சி. மூன்று தடவை முயன்றாள். பிறகு கதவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே காரைச் சுற்றி வந்தாள். பேட்டரி பனியில் கிடந்தது. ஒராஸ் குனிந்து கைப்பிடிக்குக் கீழே எதையோ காட்டினான். தாடி மாதிரி ஒரு பனிக்கட்டி அங்கே தொங்கியது. பனி பெய்யாத இரவில் முளைத்த தாடி.

இப்போது அவள் அவனிடம் உதவி கேட்பாள் என்று சாபித் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அவள் கேட்கவில்லை. தன் பொருட்களை அள்ளிக்கொண்டு ஒராஸின் காரை நோக்கி நடந்தாள். வாரம் தவறாமல் கழுவிப் பளபளப்பாக வைத்திருக்கிற கார். பிபிகுல் ஏற்கெனவே அதன் பக்கத்தில் நின்று, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். அக்மரால் அந்தப் பூட்டின் முன் குனிந்தாள். லைட்டரைப் பற்றவைத்தாள். ஒராஸ் தன் பெரிய கைகளால் அவள் கையைச் சுற்றி மறைப்புக் கட்டினான், காற்றடிக்காமல். அவள் சாவியைச் சூடாக்கி உள்ளே விட்டாள். அவன் தானே திருப்பக் கையை நீட்டியபோது அவள் அந்தக் கையில் ஒரு அடி போட்டாள். பிபிகுல் சிரித்தாள். சிறிது நேரத்தில் கதவு திறந்தது. ஒராஸ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

லியூதா பார்த்தது பொய்யில்லை. இரண்டு தலை, ஒரு பூட்டு. ஆனால் அது ஒராஸின் பூட்டு.

சாபித்துக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்திலேயே வேறொன்றும் புரிந்தது. அந்தக் கதவுகளைத் திறக்க ஒராஸ் வேண்டாம். சாபித்தும் வேண்டாம்.

அப்போது அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். ஐந்து மாடியிலும் ஜன்னல்கள் வெள்ளையாக மூடியிருந்தன. நான்காம் மாடியில் ஒன்றில் மட்டும் கறுப்பாக ஒரு ஓட்டை. அவன் தலையை இழுத்துக்கொண்டான். ஓட்டையை இழுத்துக்கொள்ள முடியவில்லை.

கைப்பேசி அடித்தது.

"கதவு திறக்கலைங்க."

அந்த நிலைமையிலும் அவன் நெஞ்சு துள்ளியது. "சாவியைச் சூடாக்கு, ரொம்ப வேண்டாம், விரல் பொறுக்கிற…" என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டான்.

கீழே சிரிப்பு வெடித்தது. கைப்பேசியிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது. அவள் ஒலிபெருக்கியைப் போட்டிருந்தாள்.

"ஒரு கதவைத் திறக்க முடியாதவளுக்குக் கார் எதுக்குன்னு கேட்டீங்க. சரிதான். நான் இவங்க கார்ல போறேன், பிள்ளைங்க பசியா இருக்கும். தண்ணி ஊத்தினவங்க எறங்கி வந்து திறந்து வைங்க. பேட்டரி கீழே இருக்கு, மறந்துடாதீங்க."

"முதுகு பத்திரம் அண்ணே" என்றது ஒராஸின் குரல்.

மேஜை சிரித்த அந்த நாள் சாபித்துக்கு இப்போதுதான் திரும்ப வந்தது. யார் காரில் அவள் ஏறிவிடுவாளோ என்று ரயிலில் இரண்டு நாள் தூங்காமல் வந்தானோ, அந்தக் காரில் அவளைத் தானே ஏற்றி அனுப்பிவிட்டு ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பேட்டரியை மேலே கொண்டுபோனபோது முதுகு உண்மையாகவே பிடித்துக்கொண்டது. லியூதாவின் வீட்டு ஜன்னல் வழியாக மின்கம்பி இழுத்து, அவளுடைய தலைமுடி உலர்த்தும் கருவியை வாங்கிக்கொண்டு, பகல் முழுக்க கதவு கதவாக உட்கார்ந்தான். வெந்நீர் ஊற்றித் தொலையேன் என்று முற்றத்தில் போகிற ஒருவர், காரைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் போடு என்று இன்னொருவர். லியூதா ஜன்னலை விட்டு நகரவில்லை. இந்த முற்றத்தில் இத்தனை வருடத்தில் காரைக் குளிப்பாட்டினவனைப் பார்த்ததில்லை என்றாள். வெளிச்சம் போகிற நேரத்தில்தான் சாமான் பெட்டி திறந்தது. ரப்பர் எல்லாவற்றையும் துடைத்து, இனி ஒட்டாமல் இருக்க கிரீஸ் தடவினான்.

அக்மரால் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்தாள். மேலே போய்த் தேநீர் வைத்தாள். அவன்தான் முதலில் வாய் திறந்தான்.

"குளிர் ஆரம்பிச்சதுல இருந்து ஒரு தடவைகூட ஏன் கூப்பிடல?"

"சிரிச்சாங்களே."

"யாரு?"

"உங்க மேஜைக்காரங்க. நீங்களுந்தான். கதவு திறக்கறதுக்கு மட்டுமா கூப்பிட்டேன்? காலையில ஒருத்தர் குரல் கேட்டா அந்தக் குளிர் அவ்வளவாத் தெரியாது. அதையும் போட்டு ஒடைச்சீங்க."

பிறகு அவளாகவே மற்றதைச் சொன்னாள். இந்தக் குளிரின் முதல் வாரத்தில் ஒராஸ் பலத்தைக் காட்டித் தன் கார்ச் சாவியைப் பூட்டுக்குள்ளேயே ஒடித்துவிட்டானாம். அன்றிலிருந்து அவன் பேட்டரி தூக்குவது, இவள் பூட்டுத் திறப்பது என்று பேச்சு. முறுக்காதே, பிடித்துக்கொண்டு நில் என்று அவள் அதட்டும்போதெல்லாம், இது சாபித் அண்ணன் குரல் மாதிரியே இருக்கிறது என்று அவன் சிரிப்பானாம். சாபித் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். கைப்பேசியில் அன்று கேட்ட சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

அவள் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். விளிம்புவரை ஊற்றியிருந்தாள், ஒரு சொட்டு தட்டில் சிந்தும்படி. இந்தத் தடவை கை தவறவில்லை. அவன் வாயைச் சுட்டுக்கொண்டு முழுவதையும் குடித்தான்.

விடுமுறை தீரும்வரை பேட்டரியை அவனே தூக்கினான். அவள் அதற்காக அவனை ஒன்றும் பாராட்டவில்லை. மாத முடிவில் ரயில் ஏறினான்.

மேற்கே காற்று மட்டும்தான் அதிகம். சாப்பாட்டுக் கூடத்தில் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அடிக்காத கைப்பேசியைப் பார்த்தபடி காலைகள் போயின. பெத்ரோபாவ்லில் குளிர் மறுபடி இறங்கிய ஒரு நாள், அது அடித்தது.

"கதவு திறக்கலைங்க."

மேஜை நிமிர்ந்து பார்த்தது. சாபித் கையுறையைக் கழற்றி, கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு வெளியே போனான். சுவர் ஓரம் ஒதுங்கி நின்றான்.

"சாவியைச் சூடாக்கு. ரொம்ப வேண்டாம்."

"சரி."

"வாயால ஊதாதே."

"இல்லை."

அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ கேட்டது. அவன் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உற்றுக் கேட்டான். சீராக உறுமிக்கொண்டிருந்தது ஒரு என்ஜின். அந்த உறுமலையும் அவனுக்குத் தெரியும். பழைய ஜெர்மன் என்ஜின், சூடேறிவிட்டது. உள்ளே சூடு காற்று ஓடும் சத்தமும் கேட்டது. பேட்டரி உள்ளே போயிருக்கிறது, அவளும் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். தூரத்தில் ஒரு தடித்த குரல், "குர்தாஸ், நேரமாச்சு" என்றது. அவள் கைப்பேசியைப் பொத்திக்கொண்டு அதை அடக்கினாள். சாபித்தின் நெஞ்சில் பழைய முள் ஒருமுறை அசைந்தது.

"உள்ளே விட்டாச்சா?" என்று கேட்டான்.

"ம்."

"முறுக்காதே. அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லு."

"நிக்கறேன்" என்றாள் அக்மரால்.